குழாயை விட முந்தின ராத்திரிதான் முக்கியம்

கேமரா வைத்த குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை பார்த்தது கொஞ்ச காலம் பாலக்காட்டில், மீதி கோயம்புத்தூரில். இப்போதும் எங்கள் தெருவில் யாருக்காவது டாக்டர் 'டியூப் விட்டுப் பார்க்கணும்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், சீட்டோடு நேராக என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். "ஏனுங்க சிஸ்டர், வலிக்குமுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எத்தனை மணிக்குக் கடைசியாகச் சாப்பிடலாம் என்று முதலில் கேட்டவர்கள் அபூர்வம். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். மேஜை மேல் படுத்திருக்கும் நேரம் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வாய் வழியாக விடுவது ஒன்று. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் ஆரம்பம் வரைக்கும் பார்ப்பார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது கொலனோஸ்கோப்பி. அதற்கு அரை மணி நேரம் முன்னே பின்னே ஆகும். இரண்டுக்கும் ஒரே 'எண்டோஸ்கோப்பி' என்ற பேச்சு இருப்பதால், கொலனோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு வெறும் வயிற்றோடு மட்டும் வந்து நிற்பார். குடல் சுத்தமாக இல்லாமல் எதைப் பார்ப்பது? திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்

வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அட்டை பேசும். இதில் முக்கியமானது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி. சும்மா பார்த்துவிட்டுச் சோதனைக்கு ஒரு சின்னச் சதைத் துணுக்கு எடுப்பதற்குப் பெரும்பாலும் இவற்றை நிறுத்தவே மாட்டார்கள். குடலில் பாலிப் என்ற சதை முளை இருந்து அதை வெட்டி எடுப்பதாக இருந்தால் சிலவற்றைச் சில நாள் முன்னதாக நிறுத்தச் சொல்லலாம். அதை இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தன் இஷ்டத்துக்கு நிறுத்திவிட்டு வந்தால், ரத்தக் கசிவை விடப் பெரிய ஆபத்து அது.

சர்க்கரைக்காரர்கள் தேதி வாங்கும்போதே "காலையில் முதல் ஆளாகப் போடுங்கள்" என்று கேளுங்கள். சாப்பிடாமல் இருக்கிற அன்றைக்குச் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் விழுங்கினால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். சில புது மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலினை முழுசாக விட்டுவிடுவதும் தப்பு, முழு அளவு போடுவதும் தப்பு. எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் பொதுவாக ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு வரச் சொல்வார்கள். அதையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் குடி. எங்கள் சித்தூர் தாலுகாவில் கள் இல்லாத ஊர் கிடையாது. கள்ளைக் குடியாகவே கணக்கில் சேர்க்காத ஆட்களும் உண்டு. "குடிப்பழக்கம் இருக்கா?" என்று கேட்டால் பக்கத்தில் மனைவி நிற்பதால் "இல்லீங்க" என்பார்கள். நாங்கள் கேட்பது நியாயம் பேச அல்ல. தினமும் குடிக்கிறவர்களுக்கு மயக்க ஊசியின் வழக்கமான அளவு சரியாக வேலை செய்யாது. பாதியில் எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கலாம், அதையும் மனதில் வைத்துத்தான் டாக்டர் பார்க்க வேண்டும். மனைவி முன்னால் சொல்ல முடியாவிட்டால், உடை மாற்றும்போது நர்ஸின் காதில் சொல்லுங்கள். அது போதும்.

ஆஸ்துமா, குறட்டையோடு மூச்சு நிற்கும் வியாதி, வலிப்பு, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, கர்ப்பம், ஆடுகிற பல், கழற்றி மாட்டும் பல்செட் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் வரும்.

ஒரு டீ தானுங்க சிஸ்டர்

வாய் வழிப் பரிசோதனைக்குக் கெட்டியான சாப்பாடு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். காலையில் பரிசோதனை என்றால் ராத்திரி எட்டு மணிக்கு இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். பிரியாணி, பரோட்டா, பீஃப் எல்லாம் அன்றைக்கு வேண்டாம், எண்ணெயும் இறைச்சியும் இரைப்பையை விட்டு நகர நேரமாகும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரைக்கும் பல இடங்களில் அனுமதிப்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் சொன்ன நேரம் எதுவோ அதுதான் கணக்கு.

பால் கலந்த டீயைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது சாப்பாடு. விடிகாலை பஸ்ஸில் வந்து, ஸ்டாண்டில் இறங்கியதும் கை தானாக டீக்கடைப் பக்கம் போய்விடும். உள்ளே வந்து கேட்டால் "ஒண்ணும் சாப்பிடலீங்க" என்பார்கள். டீயைச் சொல்லவே மாட்டார்கள். குழாய் உள்ளே போகும்போது குமட்டும், தொண்டை மரத்திருக்கும், மயக்க ஊசியும் போட்டிருந்தால் இருமும் சக்தி குறைந்திருக்கும். இரைப்பையில் கிடப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். குடித்துவிட்டீர்களா, சொல்லிவிடுங்கள். சில மணி நேரம் தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான்.

வாய் வழியாக

நெஞ்சு அடைத்துவிடும், மூச்சு நின்றுவிடும் என்ற பயம்தான் எல்லோருக்கும். குழாய் சுண்டுவிரல் பருமன்தான். அது போவது சாப்பாடு போகும் வழியில், மூச்சு போகும் வழி திறந்தே இருக்கும். இதை மேஜைக்கு வருவதற்கு முன்பே ஒருமுறை வீட்டில் பழகிப் பாருங்கள். வாயை அகலமாகத் திறந்துகொண்டு மூக்கால் மட்டும் மெதுவாக மூச்சு விடுவது. இதைச் செய்து பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் சும்மா வந்தவர்களுக்கும் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

தொண்டையில் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை ஸ்பிரேயாக அடிப்பார்கள். கசக்கும். இரண்டு நிமிடத்தில் தொண்டை தடித்துப் போனது மாதிரியும், எச்சில் விழுங்க முடியாதது மாதிரியும் இருக்கும். பலர் பயந்து எழுந்துவிடுவது இங்கேதான். விழுங்க முடிகிறது, அது உங்களுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளுங்கள். குழாய் நாக்கைத் தாண்டும்போது "முழுங்குங்க" என்பார்கள், ஒரே ஒருமுறை முழுங்கினால் போதும். குமட்டல் வரும். வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு இடம் தாண்டினால் பாதி அடங்கிவிடும்.

எச்சிலை முழுங்கப் பார்க்காதீர்கள், புரை ஏறும். கன்னத்து வழியாக வடியட்டும், அதற்குத்தான் கீழே துணி விரித்திருக்கிறோம். உள்ளே காற்று ஊதுவதால் ஏப்பம் வரும், சத்தமாகவே வரும், கூச்சப்பட ஒன்றுமில்லை. கண்ணை இறுக மூடிக்கொள்வதை விடச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. கையால் மட்டும் குழாயைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். முடியவில்லை என்றால் கையைத் தூக்கிக் காட்டுங்கள், நிறுத்துவார்கள்.

1868இல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற டாக்டர் இரைப்பைக்குள் பார்க்க ஆசைப்பட்டு, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை வைத்துத்தான் நேரான, விறைப்பான குழாயை இறக்கிப் பார்த்தார். வளையும் குழாய் வந்தது 1957 வாக்கில். அதைச் செய்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர் முதலில் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்துக்கொண்டார். "டாக்டர் இதைத் தானே விட்டுப் பார்த்திருப்பாருங்களா?" என்று கோபமாகக் கேட்டவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கொலனோஸ்கோப்பி: உண்மையான வேலை கக்கூஸில்தான்

இதற்கு மூன்று நாள் முன்பிருந்தே சாப்பாட்டை மாற்ற வேண்டும். நார், விதை, தோல் மூன்றும் ஆகாது. எங்கள் பக்கத்தில் பெரிய சிக்கல் மட்டை அரிசி. தவிடு போகாத சிவப்பரிசி, குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மூன்று நாளும் வெள்ளை அரிசிச் சோறு, இட்லி, தோசை, ரொட்டி, முட்டை, முள் எடுத்த மீன், தோல் சீவிய உருளைக்கிழங்கு, தயிர் போதும். கீரை, கம்பு, ராகி, வெண்டை, கத்திரி, தக்காளி, கொய்யா, பலா, எள், தேங்காய்த் துருவல் எல்லாம் தள்ளி வையுங்கள். ரசத்தை வடிகட்டுங்கள். தாளிப்புக் கடுகு கூட கேமராவின் முன்னால் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்ட வைக்கும்.

முந்தின நாள் பெரும்பாலும் தெளிந்த நீர்தான். வடித்த கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய இளநீர், பாலில்லாத டீ, தெளிவான சூப், சர்க்கரை உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். சிவப்பாக எதையும் குடிக்காதீர்கள், ரத்தம் மாதிரி தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீருக்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள், அதில் பொட்டாசியம் அதிகம். அவர்களும் இதய பலவீனம் உள்ளவர்களும் எந்தப் பேதி மருந்து என்பதையும் கேட்டே வாங்க வேண்டும், எல்லா மருந்தும் எல்லோருக்கும் ஆகாது.

சாதாரணமாகக் கொடுப்பது பெக்லெக் மாதிரி ஒரு பொடி. இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். உப்பும் இனிப்பும் கலந்த, வழவழப்பான ருசி. நன்றாகக் குளிர வைத்து ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் நாக்கில் குறைவாகப் படும். இடையில் எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொள்ளலாம். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடருங்கள், கொட்டிவிடாதீர்கள். ராத்திரி பாதி, காலையில் மீதி என்று பிரித்துக் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும்.

எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் தலைவலி. காலையில் குடிக்க வேண்டியது பரிசோதனைக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் முன்பு. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போக முடியுமா? பத்து மணிக்குப் பரிசோதனை என்றால் நாலு மணிக்கு எழுந்து குடித்து, ஐந்துக்குள் முடித்து, இரண்டு மணி நேரமாவது வீட்டிலேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள். சர்க்கரை இல்லாதவர்கள் மதியத்துக்கு மேல் நேரம் கேட்டு வாங்குங்கள், உடம்புக்கும் பயணத்துக்கும் அது சௌகரியம். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முந்தின நாளே போய்விடுவது இன்னும் நல்லது. எப்படிப் போனாலும் மாற்று உடையும் ஒரு பழைய துண்டும் பையில் இருக்கட்டும்.

வீட்டில் ஒரே கக்கூஸ் என்றால் அன்றைக்கு அது உங்களுடையது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கொல்லையில் இருந்தால் வழியில் விளக்குப் போட்டு வையுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் ராத்திரியில் பத்துத் தடவை நடக்கும்போது தலைசுற்றி விழுவது உண்டு, ஒருவர் கூடவே விழித்திருக்க வேண்டும். நாலு தடவை போனதும் எரிய ஆரம்பிக்கும், ஆரம்பத்திலேயே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை போனது என்பது கணக்கே இல்லை. என்ன நிறத்தில் போகிறது என்று பாருங்கள். கடைசியில் மூத்திரம் மாதிரி மஞ்சளாக, தெளிவாகப் போக வேண்டும். காலையிலும் கலங்கலாகப் பழுப்பாகப் போனால் கிளம்புவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், அவர்கள் தேதி வாங்கும்போதே அதைச் சொல்லிவிட்டால் கூடுதல் மருந்து தருவார்கள்.

இதோடு பார்த்தால் உள்ளே நடப்பது சின்ன விஷயம். பெண்களுக்குக் கூச்சம்தான் பெரிது. பின்பக்கம் திறந்த கவுனோ கால்சட்டையோ தருவார்கள், மேலே போர்வை இருக்கும், வேண்டிய இடம் மட்டுமே திறந்திருக்கும். கூட ஒரு பெண் நர்ஸ் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. குழாய் குடலின் வளைவுகளில் திரும்பும்போது பிரசவ வலி மாதிரி ஒரு இழுவை வரும். காற்று பிரிந்தால் அடக்காதீர்கள், அடக்கினால் வலி கூடும். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள், எடுக்கும்போது வலிக்காது.

மயக்கம் பற்றி

"ஆபரேஷன் மாதிரி ஒண்ணுமே தெரியாமத் தூங்க வெச்சிருவாங்கல்ல?" எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் அதிகம் இடிக்கும் இடம் இதுதான். வாய் வழிப் பரிசோதனையைப் பல இடங்களில் ஸ்பிரேயோடு மட்டும் முடிப்பார்கள். மிடசோலம் ஊசி போட்டால் அரைத் தூக்கம்தான், கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், பிறகு பெரும்பாலும் நினைவிருக்காது. முழுத் தூக்கம் வேண்டுமானால் மயக்க டாக்டர் இருந்து ப்ரோப்போஃபால் போடுவார், செலவு தனி. இந்த மூன்றில் உங்களுக்கு எது என்று முதல் நாளே கேளுங்கள். மேஜை மேல் படுத்த பிறகு தெரிந்துகொண்டால் ஏமாற்றப்பட்டது மாதிரி இருக்கும்.

ஊசி போட்டால் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, மரம் ஏறக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. தெளிவாக இருப்பது மாதிரிதான் உங்களுக்குத் தோன்றும், நம்பாதீர்கள். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாமல் ஒரு விரலாவது இருக்கட்டும், ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை அதில்தான் மாட்டுவோம்.

சம்மதப் படிவம் பாலக்காட்டுப் பக்கம் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும். எங்கள் ஊரில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள், படிக்க வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். "வாசிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள், சொல்லத்தான் வேண்டும். குடலில் ஓட்டை விழலாம், ரத்தம் கசியலாம் என்று அதில் இருக்கும். சும்மா பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் ஓட்டை விழுவது ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் எடுத்தால் கொஞ்சம் கூடும். அங்கேயே காப்பீட்டையும் கேட்டுவிடுங்கள். ரேஷன் கார்டு கேரளத்தில் இருந்துகொண்டு கோயம்புத்தூரில் போய்த் தமிழ்நாட்டுத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னால் நடக்காது. துணுக்கு எடுத்தால் அந்த லேப் பில் தனியாக வருமா என்பதும் ஒரு கேள்வி.

முடிந்த பிறகு

வாய் வழியாகச் செய்தவர்கள் தொண்டை மரப்பு போகும் வரை, முக்கால் மணி ஒரு மணி நேரம், எதுவும் சாப்பிட வேண்டாம். முதலில் ஒரு வாய் பச்சைத் தண்ணீர். புரை ஏறாமல் இறங்கினால் அப்புறம் கஞ்சி. தொண்டை ஒன்றிரண்டு நாள் கரகரக்கும். கொலனோஸ்கோப்பி செய்தவர்களுக்கு வயிறு உப்பலாக இருக்கும். நடங்கள், காற்று பிரிந்தால் சரியாகும்.

ஆனால் வயிறு பலகை மாதிரி இறுகி வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம், கட்டி கட்டியாக ரத்தம் என்று எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். பாலிப் எடுத்த இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். அவ்வளவு நாளுக்கும் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ரிப்போர்ட்டில் 'ஆன்ட்ரல் காஸ்ட்ரைட்டிஸ்' என்று இருந்தால் அதைப் பார்த்து அழ வேண்டாம். இரைப்பையின் கீழ்ப் பகுதி சிவந்திருக்கிறது என்று அர்த்தம், ஏராளமான ரிப்போர்ட்டில் அது இருக்கும். துணுக்கு எடுத்தார்கள் என்றதும் கேன்சர் என்று வீட்டில் ஒப்பாரி வைப்பவர்களும் உண்டு. பல சமயம் அது கிருமி இருக்கிறதா என்று பார்க்க. மஞ்சள் மருந்தில் போடுவார்கள், ஹெச். பைலோரி கிருமி இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். வயிற்றுப்புண்ணில் பெரும்பங்கு காரத்தால் அல்ல, இந்தக் கிருமியாலும் வலி மாத்திரைகளாலும்தான் வருகிறது. கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் கேஸ் மாத்திரை என்று தினமும் விழுங்கும் பான்டோப்ரசோல் இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும், கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போய்விட்டீர்கள் என்றால், 'இல்லை' என்று வந்த ரிப்போர்ட்டைக் காட்டும்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கியில் பார்க்க அனுப்பிய துணுக்கின் முடிவு சில நாள் கழித்துத்தான் வரும். யாரும் போன் செய்து கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். என்றைக்கு, எந்த கவுன்டரில் வாங்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதி வாங்கி, காலண்டர் தாளில் குறித்துவையுங்கள்.